ஐம்பது கோடி போன்களுக்குப் போன ஒரு தெருவின் கதை

2014 செப்டம்பர் 9, கலிஃபோர்னியாவின் குப்பர்டினோ நகரில் ஆப்பிள் நிறுவனத்தின் விழா. ஐபோன் 6 அறிமுகமாகிவிட்டது, ஆப்பிள் வாட்ச்சையும் காட்டியாயிற்று. கடைசியாக அயர்லாந்தின் யூ2 இசைக்குழு மேடையேறி ஒரு புதுப்பாட்டை வாசித்தது. பாட்டு முடிந்ததும் ஆப்பிளின் தலைவர் டிம் குக்கும் பாடகர் போனோவும் விரலோடு விரல் தொட்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து, உலகம் முழுக்க ஐடியூன்ஸ் கணக்கு வைத்திருந்த சுமார் 50 கோடிப் பேரின் பட்டியலில் 'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' என்ற முழு ஆல்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டவர், கேட்காதவர், யூ2 என்றால் என்னவென்றே தெரியாதவர் எல்லோருக்கும்தான். இந்தியாவில் ஐடியூன்ஸ் கடை திறந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இங்கே இருந்தவர்களுக்கும் வந்தது.

அப்புறம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 'நான் வாங்காத பாட்டு என் போனில் எப்படி வந்தது?' என்று ஒரே கூச்சல். தானாக இறங்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தவர்களின் போனில் அது இடத்தையும் அடைத்தது. ஆறே நாளில், இந்த ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஆப்பிள் ஒரு தனிப் பக்கத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன போனோ மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் தலைக்கனம், கொஞ்சம் தாராளம், கொஞ்சம் சுயவிளம்பரம், கூடவே இத்தனை வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த பாட்டுகள் யார் காதிலும் விழாமல் போய்விடுமோ என்ற பயம், எல்லாம் சேர்ந்துதான் இப்படிச் செய்ய வைத்தது என்ற மாதிரி அவர் பதில் இருந்தது.

அந்தக் கடைசிக் காரணத்தைப் பெரும்பாலோர் சாக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்தைக் கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் இத்தனை ஆர்ப்பாட்டத்தோடு வந்த அதற்குள் இருந்தது வடக்கு டப்ளினின் ஒரு தெரு, பதினான்கு வயதில் அம்மாவை இழந்த ஒரு பையன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை வெடித்த குண்டு, முதல் காதல், முதல் கச்சேரி. யூ2 வெளியிட்டதிலேயே மிகவும் அந்தரங்கமான ஆல்பம் அதுதான். அந்தரங்கமான கதையை ஊரைக் கூட்டிச் சொன்னது ஏன் என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், அவர்கள் ஏன் திரும்பிப் பார்த்தார்கள் என்பது. இதற்கு முந்தைய ஆல்பம் 2009 பிப்ரவரியில் வந்தது. அதைத் தொடர்ந்து 2011 வரை நடந்த '360 டிகிரி' சுற்றுப்பயணம் 73 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, அன்றைக்கு உலகச் சாதனை படைத்தது. ஆனால் கூட்டம் வந்தது பழைய பாட்டுகளுக்காக. புது ஆல்பத்திலிருந்து ஊர் முணுமுணுக்கும் பாட்டு ஒன்றுகூட அமையவில்லை. அரங்கம் நிரம்பும், ஆனால் யாரும் புதுப்பாட்டைக் கேட்க மாட்டார்கள் என்ற நிலை ஒரு மூத்த குழுவுக்குக் கசப்பானது. 'இன்னொரு யூ2 ஆல்பம் யாருக்கு வேண்டும்?' என்ற கேள்வியை அவர்களே கேட்டுக்கொண்டார்கள். 1978 முதல் அவர்களைப் பார்த்துக்கொண்ட மேலாளர் பால் மெக்கின்னஸும் 2013-ல் விலகினார். பதில் தேடி, தாங்கள் எதற்காக இசைக்குழு ஆரம்பித்தோம் என்ற இடத்துக்கே போனார்கள். எழுபதுகளின் கடைசியில் கேட்ட இசைத்தட்டுகளையும் அந்தக் காலத்து நினைவுகளையும் தோண்டினார்கள். ஆல்பத்தின் பெயரே ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் 1789 கவிதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது.

தமிழ் வாசகர்கள் பலருக்கு யூ2 என்றதும் ரகுமான்தான் நினைவுக்கு வருவார். 2019-ல் அவரோடு சேர்ந்து 'அஹிம்சா' என்ற பாட்டைச் செய்து, அதில் திருக்குறளையும் ஒலிக்கவிட்டார்கள். அந்த வருட டிசம்பரில் மும்பையில் கச்சேரியும் செய்தார்கள். ஆனால் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள அதற்கு நாற்பத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

டப்ளின், எண் 10, சீடர்வுட் சாலை. போனோ என்கிற பால் ஹியூசன் வளர்ந்த வீடு. அப்பா பாப் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர், கத்தோலிக்கர், ஆப்பரா பாட்டில் பைத்தியம். அம்மா ஐரிஸ் புராட்டஸ்டன்ட். அயர்லாந்தில் அந்தக் காலத்தில் இது லேசான கலப்பு மணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போவார், அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் கோயிலுக்குப் போவார்கள். தெரு என்னவோ மரியாதையான நடுத்தரக் குடும்பங்களின் தெருதான். ஆனால் பக்கத்திலேயே பாலிமன். அறுபதுகளில் அங்கே வயல்வெளியில் அரசாங்கம் ஏழு உயரமான அடுக்குமாடிக் கோபுரங்களை எழுப்பியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 கிளர்ச்சியின் தலைவர்கள் பெயரைத்தான் அவற்றுக்கு வைத்தார்கள். பெயர்தான் பெரிதே தவிர வசதி ஒன்றும் கூட வரவில்லை. வேலையில்லாத் திண்டாட்டமும் ரவுடிக் கும்பல்களும்தான் வந்தன. அந்தக் கோபுரங்களுக்கும் சீடர்வுட் சாலைக்கும் இடையில் நடந்து போவதே பையன்களுக்கு ஒரு சோதனையாக இருந்தது.

1974 செப்டம்பரில் ஐரிஸின் அப்பா இறந்தார். அடக்கத்தின்போது ஐரிஸ் மயங்கி விழுந்தார், மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. சில நாளில் அவரும் போய்விட்டார். பாலுக்குப் பதினான்கு வயது. அதன் பிறகு அந்த வீட்டில் அப்பா, அண்ணன் நார்மன், பால் என்று மூன்று ஆண்கள். அம்மாவின் பேரைக்கூட யாரும் எடுக்கவில்லை என்று போனோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டப்ளின் விமான நிலையத்தில் வேலை பார்த்த நார்மன், விமானங்களில் மிஞ்சிய சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். அடுப்பு மூட்டி, தட்டு வைத்து, சாப்பிடக் கூப்பிட ஆள் இல்லாத வீட்டில் ஒரு பையன் விமானச் சாப்பாட்டைச் சூடுபண்ணித் தின்று வளர்ந்தான். துக்கம் பேச்சாக வெளிவராத வீடு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அங்கே பேச்சு சண்டையாகத்தான் வரும்.

இந்த மரணத்தை யூ2 முதன்முறையாகப் பாடியது 2014-ல் இல்லை. 1980-ல் வந்த முதல் ஆல்பமான 'பாய்' தொடங்குவதே அதில்தான். 'ஐ வில் ஃபாலோ' என்ற அந்த முதல் பாட்டை, அம்மாவைப் பின்தொடரத் துடிக்கும் மகனின் குரலாகவும் கேட்கலாம், பிள்ளையை விட்டுவிடாத தாயின் குரலாகவும் கேட்கலாம். அடுத்த ஆல்பமான 'அக்டோபர்'-இல் 'டுமாரோ' என்ற பாட்டு அம்மாவின் இறுதிச் சடங்கைத் தொட்டது. 1997-ல் 'மோஃபோ', 2004-ல் அப்பாவுக்காக ஒன்று. நாற்பது வருடமாக இந்த மனிதர் ஒரே வீட்டைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்.

ஆனால் முதல் ஆல்பத்தையும் 2014 ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 'பாய்' பாடியபோது போனோவுக்கு இருபது வயது. அந்தப் பாட்டுகளில் ஒரு பையன் இருக்கிறான், ஒரு அம்மா இருக்கிறாள், இருட்டு இருக்கிறது, ஆனால் ஊர் இல்லை, தெரு இல்லை, ஒருவருக்கும் பெயர் இல்லை. வரிகளை ஒலிப்பதிவுக்கூடத்தில் நின்றபடியே அரைகுறையாக உருவாக்குவது அவருக்கு அப்போது வழக்கம். வார்த்தையில் வராததைக் குழுவின் கிதார்காரர் எட்ஜின் வாசிப்பும், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் சைக்கிள் சக்கரக் கம்பிகளில் முள்கரண்டியை உரசவிட்டு எடுத்த ஒலியும் சொல்லின. காயம் பக்கத்தில் இருக்கும்போது அதற்கு முகவரி எழுத முடியாதோ என்னவோ.

ஐம்பத்து நான்கு வயதில் அவரால் எழுத முடிந்தது. 'ஐரிஸ்' என்று அம்மாவின் பெயரையே தலைப்பாக வைத்தார். கடற்கரையில் அம்மா மகனை மணலுக்குள் புதைத்து விளையாடும் ஒரு காட்சி அதில் வருகிறது. யார் யாரைப் புதைக்கிறார்கள் என்பதைக் கேட்பவர் காதில் விட்டுவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இன்னொரு இடத்தில், எல்லா ஊர் அம்மாக்களும் சொல்வதுபோல, 'உன்னாலதான்டா எனக்குச் சாவு' என்கிற மாதிரி அம்மா திட்டுகிறாள். அதற்கு மகனின் பதில் இரண்டே சொல்: நான் இல்லை. நாற்பது வருடம் கழித்து ஒரு மனிதன் தன் அம்மாவிடம் அந்தப் பதிலைச் சொல்கிறான். சின்னப் பிள்ளைகள் வீட்டில் நடக்கும் சாவுக்குத் தாங்கள்தான் காரணமோ என்று உள்ளுக்குள் மறுகுவதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. இத்தனை சிக்கனமாகச் சொன்னவர்கள் குறைவு.

இழப்பு போனோவுக்கு மட்டும் நேரவில்லை. டிரம்மர் லாரி மல்லனின் அம்மா 1978-ல் சாலை விபத்தில் இறந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1976 செப்டம்பரில், மவுண்ட் டெம்பிள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 'இசைக்குழுவுக்கு ஆள் தேவை' என்று சீட்டு ஒட்டியவர் லாரிதான். அவர் வீட்டுச் சமையலறையில்தான் முதல் ஒத்திகை. பால் ஹியூசன், டேவ் எவன்ஸ் (அதாவது எட்ஜ்), ஆடம் கிளேட்டன் எல்லோரும் அந்தச் சமையலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தவர்கள். முதல் பத்து நிமிடம் அது 'லாரி மல்லன் பேண்ட்'-ஆக இருந்தது, அப்புறம் போனோ உள்ளே வந்துவிட்டார் என்று லாரி கிண்டலாகச் சொல்வதுண்டு. அந்தப் பள்ளியையும் சொல்ல வேண்டும். 1972-ல் தொடங்கியது, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கலாம், எந்தச் சபையைச் சேர்ந்த பிள்ளையும் சேரலாம். கத்தோலிக்கப் பாதிரிமார்களின் பிடியில் பள்ளிகள் இருந்த அயர்லாந்தில் இது அபூர்வம். போனோவின் மனைவி அலியும் அங்கே படித்தவர்தான். 'சாங் ஃபார் சம்ஒன்' அவருக்கான பாட்டு.

சரி, குண்டுக்கு வருவோம். எனக்கு ஆல்பத்தின் நடுமுள் 'ரெய்ஸ்ட் பை வுல்வ்ஸ்' என்ற பாட்டுதான்.

1974 மே 17, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி வாக்கில், வேலை விட்டு மக்கள் வீடு திரும்பும் நேரத்தில், டப்ளினில் மூன்று தெருக்களில் மூன்று கார் குண்டுகள் வெடித்தன. சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லைப் பக்கத்து ஊரான மொனாஹனில் நான்காவது. மொத்தம் 33 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட 300 பேர் காயமடைந்தார்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்று நடந்த கலவரங்களின் முப்பது ஆண்டு வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேர் இறந்தது வேறு எப்போதும் இல்லை. பிரிட்டன் ஆதரவு ஆயுதக்குழுவான யூவிஎஃப் 1993-ல்தான் பொறுப்பேற்றது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

வழக்கமான வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த இசைத்தட்டுக் கடையில் பால் ஹியூசன் நின்றிருப்பான். பள்ளி முடிந்ததும் அங்கே போவது வழக்கம். அன்றைக்குப் பார்த்து அவன் பள்ளிக்குச் சைக்கிளில் போயிருந்தான். பதினான்கு வயது நிரம்பி சரியாக ஒரு வாரம். அவன் தப்பித்தான். அவன் தெருவைச் சேர்ந்த ரோவன் குடும்பத்துப் பையன் ஒருவன் தப்பவில்லை. உடம்பில் கீறல்கூட இல்லை, ஆனாலும் தப்பவில்லை. அப்பாவின் வேனில் அவனும் போயிருந்தான். எதிர்ப்பக்கம் குண்டு வெடித்தது. அப்பா வேனைப் பூட்டிவிட்டு அடிபட்டவர்களைக் காப்பாற்ற ஓடினார். பூட்டிய வேனுக்குள்ளிருந்து அந்தப் பையன் தெருவில் சிதறிக் கிடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் அவன் ஹெராயினில் போய் விழுந்தான். யூ2-வின் 1984 பாட்டான 'பேட்' அவனைப் பற்றியது என்று இந்த ஆல்பத்தோடு வந்த குறிப்பில் போனோ எழுதியிருக்கிறார். அந்தப் பழைய பாட்டைக் கேட்டுப் பாருங்கள். யாரோ ஒருவர் எதிலிருந்தோ விடுபடத் தவிக்கிறார் என்பதைத் தவிர ஒன்றும் பிடிபடாது. மூல காரணம் என்ன என்பதை முப்பது வருடம் கழித்து வந்த 'ரெய்ஸ்ட் பை வுல்வ்ஸ்' சொல்கிறது.

எப்படிச் சொல்கிறது என்பதுதான் விசேஷம். வெள்ளிக்கிழமை, ஐந்தரை மணி, 33 பேர் என்று போலீஸ் அறிக்கைபோல வரிசையாக வருகிறது. அப்புறம் ஒரு கார், அதன் நிறம், அப்புறம் பதிவு எண்: 1385 டபிள்யூஇசட். டால்பட் தெருவில் வெடித்த ஃபோர்டு எஸ்கார்ட்டின் எண் அது. ராக் பாட்டில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் பாடுகிறார்! உவமை கிடையாது, தத்துவம் பெரிதாகக் கிடையாது. வேனுக்குள் அடைபட்டுக் கிடந்த பையனின் மூளை எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? இந்த மாதிரி அற்ப விவரத்தைத்தான். இருபது வயதில் யூ2 உணர்ச்சியைப் பாடியது, ஐம்பதில் தகவலைப் பாடியது. தகவல்தான் அதிகமாகச் சுடுகிறது.

இந்த ரோவன் குடும்பத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கடுமையான பக்தி கொண்ட புராட்டஸ்டன்ட் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். அதில் ஒருவரான குகிதான் பாலுக்கு 'போனோ' என்று பட்டப்பெயர் வைத்தவர். டப்ளினில் காது கேட்கும் கருவி விற்ற ஒரு கடையின் பெயர்ப்பலகையிலிருந்து பிறந்த பெயர் அது. பின்னாளில் குகி ஓவியரானார். 'பாய்' ஆல்பத்தின் அட்டையில் கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நேராகப் பார்க்கும் சிறுவன் குகியின் தம்பி பீட்டர். 1983-ன் 'வார்' அட்டையில் உதடு கிழிந்து முறைப்பவனும் அவனே. 'பேட்' பாட்டின் நாயகன் இன்னொரு சகோதரன். ஆக, உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்ற மூன்று ஆல்பங்களுக்கும் பாடகரின் பெயருக்கும் மூலப்பொருள் ஒரே தெருவில் ஒரே வீட்டிலிருந்து வந்தது. 'சீடர்வுட் ரோடு' பாட்டை குகிக்குத்தான் சமர்ப்பித்தார்கள். அந்தக் குடும்பத்தின் வீட்டு வாசலில் இருந்த செர்ரி மரம் அதில் பூக்கிறது. கூடவே அந்தத் தெருவில் சுற்றிய பயமும் இருக்கிறது. எட்ஜ் அதில் வாசிக்கும் கிதார் கனமானது, இரைச்சலானது, யூ2-விடம் அடிக்கடி கேட்கக் கிடைக்காதது.

'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' அட்டையும் இந்த வரிசையில்தான் சேரும். சட்டை இல்லாத லாரி, தன் பதின்வயது மகனின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் படம். 'பாய்' அட்டையில் பிள்ளை தனியாக இருந்தான். இதில் அப்பன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், பிள்ளை அப்பனைப் பிடிக்கவில்லை. ஆனால் ஐடியூன்ஸில் இலவசமாக வந்த பதிப்பில் இந்தப் படம் இல்லை, வெள்ளை உறைக்குள் ஒரு இசைத்தட்டுதான் தெரிந்தது. அந்தப் பதிப்பைப் பெற்ற 50 கோடிப் பேர் ஆல்பத்தின் முக்கியமான ஒரு வரியைப் படிக்காமலே விட்டார்கள்.

துக்கம் மட்டும் இல்லை, குதூகலமும் உண்டு. முதல் பாட்டு ரமோன்ஸ் குழுவின் பாடகர் ஜோயி ரமோனுக்கு நன்றி. 1978-ல் ரமோன்ஸ் டப்ளினில் வாசித்தபோது, ஆண் பிள்ளை என்றால் கரகரப்பாகக் கத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை, தன்னுடைய மெல்லிய குரலை வைத்துக்கொண்டே பாடகன் ஆகலாம் என்று போனோவுக்குப் புரிந்தது. அதே காலத்தில் ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் இவர்களின் ஒத்திகையைப் பார்க்க வந்தபோது, சொந்தப் பாட்டு எதை வாசிப்பது என்று தகராறு முற்றி, கடைசியில் ரமோன்ஸ் பாட்டுகளை வாசித்து 'எங்களுடையதுதான்' என்று சொல்லிச் சமாளித்தார்கள். நிகழ்ச்சியில் வாசித்தது வேறு பாட்டு, தயாரிப்பாளருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கடனைத்தான் முப்பத்தைந்து வருடம் கழித்து முதல் பாட்டில் அடைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். 1977-ல் ட்ரினிட்டி கல்லூரியில் பார்த்த கிளாஷ் குழுவின் கச்சேரிக்கும் அந்தக் குழுவின் தலைவர் ஜோ ஸ்ட்ரம்மருக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. 'கலிஃபோர்னியா' முதல் அமெரிக்கப் பயணத்தின் வியப்பு, பீச் பாய்ஸ் குழுவின் சாயலில். 'வால்கனோ' பாட்டைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

குறை எங்கே என்றால், ஒலியில். ஆரம்பத்தில் டேஞ்சர் மவுஸ் மட்டும் தயாரிப்பாளர். பிறகு பால் எப்வொர்த், ரையன் டெடர், டெக்லன் காஃப்னி, பழைய நண்பர் ஃபிளட் என்று ஆள் கூடிக்கொண்டே போனது. எப்வொர்த் பாடகி அடெலோடும், டெடர் தன் ஒன்ரிபப்ளிக் குழுவோடும் வானொலியை ஆண்டவர்கள். அவர்கள் கை பட்ட இடமெல்லாம் பளபளப்பு. எழுபதுகளின் டப்ளினைப் பற்றிய பாட்டில் எழுபதுகளின் டப்ளின் அழுக்கு ஒட்டவில்லை. 'எவ்ரி பிரேக்கிங் வேவ்' இதற்கு நல்ல சாட்சி. 2010 கச்சேரிகளிலேயே வாசித்துப் பார்த்த பழைய பாட்டு அது. ஆல்பத்தில் அது ஒழுங்காக உடுத்தி, தலைவாரி வந்து நிற்கிறது. அதையே எட்ஜ் பியானோவில் உட்கார்ந்து வாசிக்க, போனோ மட்டும் பாடும் வடிவத்தைக் கேட்டால்தான் அது எத்தனை நல்ல பாட்டு என்று தெரிகிறது. அந்தரங்கமாக எழுதினார்கள், ஆனால் வானொலிக்காகப் பதிவு செய்தார்கள். ஆப்பிள் மேடைக்குப் போகும் முன்பே அந்தத் தவறு ஸ்டுடியோவில் தொடங்கிவிட்டது என்பேன்.

மேடைக்குப் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2004-லேயே ஆப்பிளின் ஐபாட் விளம்பரத்தில் யூ2 ஆடியது, அவர்கள் பெயரில் ஒரு கறுப்பு ஐபாடும் விற்பனைக்கு வந்தது. பத்து வருடத்தில் நிலவரம் தலைகீழ். பாட்டைத் தனித்தனியாக வாங்கும் பழக்கமே மறைந்து, ஸ்பாட்டிஃபை மாதிரி இணையத்தில் நேரடியாகக் கேட்கும் சேவைகளுக்குக் கேட்பவர்கள் நகர ஆரம்பித்திருந்தார்கள். முழு ஆல்பத்தை வரிசையாகக் கேட்பவர் குறைந்துகொண்டே வந்தார்கள். ரேடியோஹெட் 2007-ல் 'கொடுப்பதைக் கொடுங்கள்' என்று ஆல்பம் போட்டது. 2013-ல் ஜே-ஸீ தன் ஆல்பத்தைச் சாம்சங் போன்காரர்களுக்கு முன்கூட்டியே தந்தார். அந்த வருடக் கடைசியில் பியான்ஸே சொல்லாமல் கொள்ளாமல் வெளியிட்டார். யூ2 இவற்றையெல்லாம் பார்த்து ஒரு படி மேலே போக நினைத்தது. ஆனால் மற்ற மூவரின் முறையிலும் கேட்பவர் கை நீட்டி எடுக்க வேண்டியிருந்தது. யூ2-வின் முறையில் அது இல்லை. பால் பாட்டிலை வாசலில் வைக்க நினைத்தோம், வீட்டுக்குள் போய் ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிட்டோம் என்று 2022-ல் வந்த தன்வரலாற்றில் போனோ எழுதினார். பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்றும், டிம் குக்கைக் குறை சொல்லக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

இலவசம் என்ற பேச்சே அரைகுறை உண்மை. ஆப்பிள் பணம் கொடுத்தது, அதற்கு மேல் விளம்பரத்துக்கு 10 கோடி டாலர் மதிப்புள்ள ஏற்பாடு என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அக்டோபருக்குள் 8.1 கோடிப் பேர் ஒரு பாட்டையாவது கேட்டார்கள், 2.6 கோடிப் பேர் முழு ஆல்பத்தையும் இறக்கினார்கள் என்று ஆப்பிள் கணக்குச் சொன்னது. வேறு எந்தக் குழுவுக்கும் அது கனவு எண். 50 கோடியோடு வைத்துப் பார்த்தால் முழுதும் இறக்கியவர் இருபதில் ஒருவர். அக்டோபர் 13-ல் கடைக்கு வந்த பதிப்பு, அமெரிக்காவில் முதல் வாரம் 28,000 பிரதிதான் விற்றது. ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று தேர்ந்தெடுத்தது, அதற்கும் ஊர் சிரித்தது. ஒரு நல்ல ஆல்பத்தை நல்லது என்று சொன்னாலும் நம்பாத இடத்துக்கு விஷயம் போயிருந்தது.

போனோவின் பயத்தைச் சாக்கு என்று தள்ள முடியாததற்குக் காரணம் சீடர்வுட் சாலை வீடுதான். பேசினால் யாரும் காது கொடுக்காத வீட்டில் வளர்ந்த கடைக்குட்டி, குரலை உயர்த்தித்தான் பேசக் கற்றுக்கொள்கிறான். சமையலறையில் தொடங்கியவன் அரங்கத்துக்கும், அரங்கத்திலிருந்து மைதானத்துக்கும், மைதானத்திலிருந்து 50 கோடி போன்களுக்கும் போவதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அம்மாவைப் பற்றி இரண்டு சொல்லில் அடக்கமாக எழுதத் தெரிந்த அதே ஆளுக்கு, எழுதியதை அடக்கமாகக் கொடுக்கத் தெரியவில்லை.

2015 மே மாதம் வான்கூவரில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில்தான் இந்தப் பாட்டுகளுக்கு ஏற்ற இடம் அமைந்தது. மைதானங்களை விட்டு உள்ளரங்குகளுக்கு வந்தார்கள். அரங்கை நெடுக்காகப் பிளக்கும் ஒரு நடைமேடை, அதன்மேல் இருபுறமும் தெரியும் நீளத் திரை. உச்சியிலிருந்து ஒற்றை பல்பு ஒன்று தொங்கும், வீட்டுப் படுக்கையறையில் தொங்குவதுபோல. 'ஐரிஸ்' பாடும்போது குடும்பத்தின் பழைய ஃபிலிம் சுருளில் பதிவான இளம்வயது அம்மா திரையில் ஓடுவார். அடுத்து போனோ திரைக்கு உள்ளேயே புகுந்து, கோடுகளால் வரைந்த சீடர்வுட் சாலையில் நடப்பார். அதன் பிறகு லாரி ஒற்றை டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைமேடையில் வர, அவர்களின் பழைய பாட்டான 'சண்டே பிளடி சண்டே' பாதி வேகத்தில் தொடங்கும். அதிலிருந்து நேராக 'ரெய்ஸ்ட் பை வுல்வ்ஸ்', திரையில் டப்ளின், மொனாஹன் குண்டுகளில் இறந்தவர்களின் முகங்கள். ஆல்பத்தில் பளபளப்பு மறைத்திருந்த வரிசை இங்கே புலப்பட்டது: அம்மா, தெரு, குண்டு. மூன்றும் 1974-ன் நான்கே மாதங்களுக்குள் அடங்கிய ஒரே கதை.

அந்தப் பயணம் நவம்பரில் பாரிஸுக்குப் போனது. 13-ம் தேதி இரவு படக்லான் அரங்கில் கச்சேரி பார்க்க வந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அதே ஊரில் நடக்க இருந்த யூ2 கச்சேரி ரத்தானது. டிசம்பர் 6, 7 தேதிகளில் திரும்பப் போய் வாசித்தார்கள். படக்லான் மேடையில் அன்றைக்கு நின்றிருந்த ஈகிள்ஸ் ஆஃப் டெத் மெட்டல் குழுவை இரண்டாம் நாள் கடைசியில் தங்கள் மேடைக்கு அழைத்து, அவர்களிடமே மேடையைக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

இரண்டாம் பாகமான 'சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' 2017 டிசம்பரில் வந்தது. அதை யார் போனிலும் திணிக்கவில்லை. வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.